கேட் ஓரத்து ஒன்பது செடிகள்

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் உட்கார்ந்துகொண்டு வறட்சியைப் பற்றி ஆராய்ச்சி செய் என்று என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நானே விண்ணப்பம் எழுதி, நானே கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தேன். இங்கே மதியம் மூன்று மணிக்கு வானம் கறுக்கும். நான்கு மணிக்குக் கொட்டும். ஐந்தரைக்குச் சாலையில் ஒரு கார் நகராது. இந்த ஊரில் ஓர் எலுமிச்சைச் செடியைத் தண்ணீர் இல்லாமல் தவிக்க விடவேண்டும் என்றால் அதற்கென்று தனியாகக் கூரை போடவேண்டும். அந்தக் கூரைக்குக் கீழே எனக்கு ஐந்து வருடம் போனது.

என்ன ஆராய்ச்சி என்று எந்த உறவினருக்கும் நான் ஒழுங்காக விளக்கி முடித்ததில்லை. இங்கே ஒருமுறை முயன்று பார்க்கிறேன். தோட்டக்காரர்கள் எலுமிச்சை வகைகளைப் பெரும்பாலும் விதை போட்டு வளர்ப்பதில்லை. வேருக்கு ஒரு செடி, காய்க்கு ஒரு செடி என்று இரண்டை எடுத்து ஒட்டுக் கட்டுவார்கள். அடிச்செடி வலுவாக இருந்தால்தான் மேல்செடி பிழைக்கும். மண் காயும்போது அடிச்செடியில் சில மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. அவற்றில் ஒன்றின் வேலை மற்ற மரபணுக்களுக்கு உத்தரவு போடுவது. இலையின் துளைகளை மூடு, வேரே, பக்கத்தில் படர்ந்தது போதும், கீழே இறங்கு என்று அது சொல்லும். வேரும் ஆழத்தில் மிச்சமிருக்கும் ஈரத்தைத் தேடி இறங்கும். என்னிடம் நான்கு வகை அடிச்செடிகள் இருந்தன. நான்காவது வகையில் மட்டும் இந்த உத்தரவு மற்றவற்றைவிடச் சீக்கிரம் கிளம்புவதைச் சின்ன நாற்றுகளில் பார்த்திருந்தேன். அதைத் தொட்டியில் வளர்த்து, மூன்று வாரம் தண்ணீரை நிறுத்தினால் உண்மையிலேயே மற்ற மூன்றைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்குமா? இதுதான் என் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம். அது முடிந்தால் முனைவர் பட்டம். முடியாவிட்டால் ஒன்றுமில்லை. ஏனென்றால் எனக்குக் கொடுக்கவேண்டிய கால நீட்டிப்புகளையெல்லாம் பல்கலைக்கழகம் ஏற்கனவே கொடுத்து முடித்திருந்தது. கடைசித் தேதிக்கு மேல் ஒரு நாளும் கிடையாது என்று கடிதமே வந்துவிட்டது.

அந்தக் கடிதம் வந்த மாதம் பார்த்துக் கண்ணாடிக்கூடத்தின் கூரை ஒழுகியது. செடிகளை மழையிலிருந்து காப்பாற்றக் கட்டிய கட்டடம் அது. தொட்டிகளுக்கு மேல் பிளாஸ்டிக் தாளை விரித்தேன். தாளில் தேங்கிய தண்ணீர் தாளோடு சேர்ந்து தொட்டிக்குள் விழுந்தது. கூரையைப் பழுது பார்க்க அனுமதி கேட்டு எழுதினோம். அனுமதி வரும், ஆனால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது என்ற பதில் வந்தது.

என் மேற்பார்வையாளர் ஒரு மலாய்க்கார அம்மாள். எதையும் இரண்டு முறை சொல்லமாட்டார். எல்லோரையும் போல நானும் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடுவேன். நாங்கள் பேசுவது பாதி ஆங்கிலம், பாதி மலாய். அதை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"மழை படாத, வெயில் படுகிற இடம் எங்காவது இருக்கிறதா?" என்று கேட்டார்.

"கிள்ளானில் எங்கள் வீட்டுக் கார் போர்ச் இருக்கிறது, டாக்டர்."

அவர் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "உன் அப்பாவிடம் கேள்" என்றார்.

அப்பா உடனே சம்மதித்தார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதிலிருந்து யாராவது தன்னிடம் ஒரு பொறுப்பை ஒப்படைக்கமாட்டார்களா என்று காத்திருந்தவர். காரை எடுத்துச் சாலையோரம் மரத்தடியில் விட்டார். அடுத்த நாளே பறவைகள் அதற்கு வெள்ளை அடித்துவிட்டன. நான்கு வகை, வகைக்கு ஒன்பது என்று முப்பத்தாறு தொட்டிகள் லோரியில் வந்து இறங்கின. கேட் ஓரத்தில் நின்ற கறிவேப்பிலைத் தொட்டி இடத்தை அடைத்தது. அப்பா அதைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டின் பின்னால் வைத்தார்.

முதல் தவறு என்னுடையது. செடிகளை வகை வாரியாக அடுக்கக்கூடாது, சீட்டுக் குலுக்கிப் போட்டு எல்லா வகையையும் கலந்துதான் வைக்கவேண்டும். இது முதல் வருட மாணவர்களுக்கே தெரியும். முதல் வருட மாணவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். ஆனால் அப்பா தினமும் மாலையில் படம் பிடித்து அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். கலந்து வைத்தால் எது எந்த வகை என்று அவருக்குக் குழப்பமாக இருக்கும், வரிசையாக இருந்தால் நான்கே படத்தில் வேலை முடிந்துவிடும். அதனால் வகைக்கு ஒரு வரிசையாக வைத்தேன். நான்காவது வகை கேட் ஓரம் வந்தது.

ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் அட்டை ஒட்டினேன். தண்ணீர் ஊற்றாதீர்கள் என்று தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. அம்மாவை நிறுத்தி வைத்து வாயாலும் சொன்னேன்.

"மூணு வாரம் ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாதும்மா."

"செத்துப் போயிடாது?"

"சாகுதான்னுதான் பாக்கப் போறேன்."

அம்மா செடிகளை ஒருமுறை பார்த்தார். "இதுக்கா அஞ்சு வருசம் படிச்ச?" என்று கேட்டார். அதில் கிண்டல் எதுவும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "காய்க்குமா? ஆடி வெள்ளிக்குக் கோயிலுக்குக் குடுக்கலாம்ல."

"காய்க்காதும்மா."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட."

அம்மா அட்டையை இன்னொரு முறை படித்துவிட்டு உள்ளே போனார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் அம்மாவை யாரும் அசைக்க முடியாது. கண்கொத்திப் பாம்பாகக் காவல் காத்தார். பக்கத்து வீட்டு ஆன்டி பாவம் பார்த்து ரப்பர் குழாயை வேலிக்கு மேலே நீட்டியபோது, "ஐயோ, ஊத்தாதீங்க, அது படிப்புச் செடி" என்று கத்தி நிறுத்தினார். சாரல் அடிக்கும் என்று போர்ச்சின் ஓரத்தில் பழைய கித்தானைக் கட்டித் தொங்கவிட்டார். துணி காயப்போடும் இடத்தைக்கூட மாற்றினார், ஈரத் துணி சொட்டிவிடக்கூடாதாம். நான் கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைக்கு மேலே அறை எடுத்துத் தங்கியிருந்தேன். வாரத்தில் மூன்று மாலை கொம்யூட்டர் ரயிலில் கிள்ளானுக்கு வந்து இலைகளை அளந்துவிட்டுப் போவேன். தொட்டியின் மேலே வெள்ளைச் சரளைக்கல் பரப்பியிருந்ததால் மண் கண்ணுக்குத் தெரியாது. ஈரம் பார்க்கும் கம்பியைத் தொட்டியின் அடிவரை குத்துவேன். அடியில் எல்லாத் தொட்டியிலும் நன்றாகக் காய்ந்திருந்தது. எனக்கு அதில் ரொம்பத் திருப்தி.

இரண்டாவது வாரத்தில் கிள்ளானில் தண்ணீர் வெட்டு வந்தது. எங்கேயோ ஆற்றில் எவனோ எதையோ கொட்டிவிட்டான், சுத்திகரிப்பு நிலையத்தை மூடிவிட்டார்கள். நான்கு நாள் குழாயில் காற்றுதான் வந்தது. அப்பா வாளிகளோடு தண்ணீர் லோரிக்கு வரிசையில் நின்றார். வறட்சி நிபுணராகப் போகிற நான் அந்த வாரம் கிள்ளானுக்கு வந்தபோது குளிக்கத் தண்ணீர் இல்லாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன். அந்த நான்கு நாளில் கேட் ஓரத்து வரிசை மட்டும் திடீரென்று வாடியது. அப்பா அனுப்பிய படங்களில் அது தெளிவாகத் தெரிந்தது. தண்ணீர் திரும்பி வந்த இரண்டாம் நாள் அந்த ஒன்பது செடிகளும் நிமிர்ந்துவிட்டன. தண்ணீர் வெட்டுக்கும் தண்ணீரே ஊற்றாத செடிக்கும் என்ன சம்பந்தம் இருக்க முடியும் என்று நான் யோசிக்கவே இல்லை. குறிப்பேட்டில், ஆரம்ப அதிர்ச்சிக்குப் பிறகு செடி தன்னைத் தகவமைத்துக்கொள்கிறது என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

இருபத்தோராம் நாள் மூன்று வரிசைகள் கிட்டத்தட்டச் சருகாகிவிட்டன. கேட் ஓரத்து ஒன்பதும் பச்சையாக நின்றன. ஒன்றுகூடச் சாகவில்லை.

ஒன்பதையும் மூன்று முறை எண்ணினேன். அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஐந்து வருடத்தில் நான் நினைத்தது நினைத்தபடி நடந்தது அன்றைக்குத்தான். இலைகளை வெட்டி உலர்பனிப் பெட்டியில் போட்டேன். அப்பா கார் ஓட்ட, அம்மா அந்தப் பெட்டியை மடியில் துண்டு போட்டு வைத்துக்கொண்டு வர, மூன்று பேரும் பல்கலைக்கழக வளாகத்துக்குப் போனோம். அம்மா வழி முழுக்கப் பெட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை. டாக்டர் படங்களைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார். அவர் ஒரு படத்துக்காக எழுந்து நின்று நான் பார்த்ததில்லை. "நீ எழுது. நானும் எழுதுகிறேன். இதை நல்ல இதழுக்கு அனுப்பலாம்" என்றார். கட்டுரை வெளிவந்தால் அடுத்த ஆராய்ச்சித் திட்டத்தில் எனக்கு வேலை உண்டு என்றும் சொன்னார்.

அம்மா இதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். தன் மகள் தண்ணீரே வேண்டாத எலுமிச்சையைக் கண்டுபிடித்துவிட்டதாகக் கோயிலில் பேச்சு. முப்பத்திரண்டு வயதாகியும் ஏன் இந்தப் பெண் இன்னும் படிக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் சில வாரம் கேட்காமல் இருந்தார்கள். எனக்கு அது பட்டத்தைவிடச் சுகமாக இருந்தது.

இலைகளின் மரபணு முடிவு வர மூன்று வாரம் ஆனது. முதல் மூன்று வகைகளிலும் உத்தரவு போடும் மரபணு உச்சத்தில் இருந்தது. சாகப் போகிற செடி அப்படித்தான் கத்தும். நான்காவது வகையில் அது எல்லாவற்றையும்விட அதிகமாக இருக்கவேண்டும். இருந்ததோ ஏறத்தாழ ஒன்றுமில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டுத் தூங்குகிற செடியில் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு. மாதிரிகள் மாறிவிட்டன என்று நினைத்தேன். சோதனையை மறுபடி ஓட்டினேன். அதே பதில்தான் வந்தது. அந்தச் செடிகளுக்குத் தாகமே எடுக்கவில்லை என்று அவற்றின் மரபணு சொன்னது.

வேர்களைக் கழுவிப் பார்க்கும் வேலையைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அழுக்கு வேலை, முதுகு ஒடிந்துவிடும். தொட்டிகள் வளாகத்துக் கிடங்கில் கிடந்தன. அன்று மதியம் கேட் ஓரத்துத் தொட்டி ஒன்றை எடுத்துக் கவிழ்த்தேன். ஆழத்துக்கு இறங்கியிருக்கவேண்டிய வேர் இறங்கவில்லை. மண்ணின் மேல்மட்டத்தில், அதுவும் ஒரே பக்கத்தில், கொத்தாகத் திரண்டிருந்தது. வீட்டுப் பக்கமாக இருந்த பக்கம் அது. தினமும் ஒரே இடத்தில் நின்று ஒரே கையால் யாரோ ஊட்டி வளர்த்த வேர். சரளைக்கல்லுக்கு அடியில் லேசாக மஞ்சள் நிறம் இருந்தது. அதில் ஒட்டிக்கொண்டு ஒரு காய்ந்த துளசி இலையும் இருந்தது.

அடுத்த தொட்டியைக் கவிழ்த்தேன். அதிலும் இரண்டு துளசி இலைகள். ஒன்பதையும் கவிழ்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. இருந்தாலும் யாராவது இல்லை என்று சொல்லவேண்டும் போலிருந்தது.

அன்று சாயங்காலம் கிள்ளானுக்குப் போனேன். அம்மா பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"ம்மா, கேட் பக்கத்துச் செடிக்கெல்லாம் தண்ணி ஊத்தினியா?"

"நானா? நான் எதுக்குலா ஊத்தப் போறேன்? பக்கத்து வீட்டு ஆன்டி பைப்பத் தூக்கிட்டு வந்தப்ப நான்தானே தடுத்தேன்?"

"சாமி சொம்புத் தண்ணிய எங்க ஊத்துவ?"

"கேட் பக்கம்தான். வருசக்கணக்கா அங்கதானே ஊத்துறேன்."

எங்கள் வீட்டில் தினமும் காலை ஆறரைக்கு விளக்கேற்றிச் சாமிக்கு முன்னால் ஒரு சொம்புத் தண்ணீர் வைப்பார்கள். அதில் துளசியும் ஒரு சிட்டிகை மஞ்சளும் இருக்கும். மறுநாள் அதை எடுத்துவிட்டுப் புதிதாக வைப்பார்கள். பழைய தண்ணீரைச் சாக்கடையில் கொட்டக்கூடாது, கால்படும் இடத்தில் ஊற்றக்கூடாது. ஏதாவது ஒரு செடியின் அடியில்தான் ஊற்றவேண்டும். இந்த வழக்கம் எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். அந்தச் செடி எங்கள் கறிவேப்பிலை என்பதும் தெரியும். அப்பா அதைத் தூக்கிக்கொண்டு போனபோது நான் பக்கத்தில் நின்று, பார்த்துப் போங்கப்பா என்று சொன்னேன்.

"கருவேப்பிலைதான் பின்னால இருக்கே, அதுக்கு ஊத்தியிருக்கலாம்ல?"

"உங்கப்பா அதக் கொண்டுபோயி பாத்ரூம் தண்ணி ஓடுற லொங்காங் பக்கத்துல வச்சிருக்காரு. அங்க போயா சாமித் தண்ணிய ஊத்துவாங்க?" அம்மா கத்தியைக் கீழே வைத்தார். "ஏம்மா, அது தீர்த்தம்லா. அது போயித் தண்ணியா?"

நான் கேட் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அம்மாவே தொடர்ந்தார்.

"ஒன்பது செடி நின்னுச்சு. ஒண்ணுக்கு ஊத்திட்டு மத்தத விட்டுட்டுப் போக மனசு வரல. எல்லாத்துக்கும் கொஞ்சங் கொஞ்சம் ஊத்துனேன். உன் படிப்பு நல்லபடியா முடியணும்னு ஒவ்வொண்ணுக்கும் சொல்லிச் சொல்லித்தான் ஊத்துனேன்."

"தண்ணி கட் ஆனப்ப?"

"அப்ப ஏது? சொம்புல ஒரு கரண்டி வச்சேன். அத நானும் அப்பாவும் வாயில விட்டுக்கிட்டோம்."

எனக்குக் கோபம் வந்தது. அம்மாமேல் வந்தது. அப்பாமேல், கறிவேப்பிலைமேல், சாமிமேல், சீட்டுக் குலுக்காத என்மேல், எல்லார்மேலும் வந்தது. அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் உன் படிப்பைக் கெடுத்துட்டேனா?" என்று கேட்டார்.

"இல்லம்மா" என்றேன். அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். அப்படிச் சொன்னால் ஆமாம் என்றுதான் அர்த்தம் என்று அவருக்கும் தெரியும். சாப்பிடாமல் கிளம்பிவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அதன் பிறகு ஒன்பது நாள் யாரிடமும் சொல்லவில்லை. படித்தவர்களுக்குச் சாக்கு கண்டுபிடிக்கப் பயிற்சி உண்டு. ஒரு தொட்டிக்கு எவ்வளவு போயிருக்கும், ஒரு சின்ன டம்ளரில் கால்வாசி இருக்குமா, அது ஒரு தண்ணீரா என்று வாதாடினேன். இந்த விஷயத்தில் நானும் அம்மாவும் ஒரே கட்சி. மரபணு முடிவைச் சேர்க்காமல் விட்டால் கட்டுரை நிற்கும். வேரைக் கழுவ நேரமில்லை என்று எழுதினால் யாரும் கேட்கமாட்டார்கள். தொட்டி மண்ணைக் கொட்டியாகிவிட்டது. துளசி இலைகளை மட்டும் ஒரு காகித உறையில் போட்டு மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். எதற்கு வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

பத்தாவது நாள் காலை டாக்டரிடமிருந்து செய்தி வந்தது. கட்டுரையின் முழு வரைவு, என் பெயர் முதலில். நாளைக்கு அனுப்புகிறேன், சரிதானே என்று கேட்டிருந்தார். சரி டாக்டர் என்று எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன். அனுப்பும் பொத்தானுக்கு மேலே என் கட்டைவிரல் நின்றது. இந்த நான்காவது வகையை நம்பி யாராவது ஒரு தோட்டக்காரன் எங்கேயாவது காய்ந்த ஊரில் நட்டு வைப்பான், அவன் வீட்டில் அம்மா இருக்கமாட்டார் என்று தோன்றியது. உறையை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உறையிலிருந்து ஒரு துளசி இலையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தினமும் எத்தனை மணிக்கு?"

"காலை ஆறரை, டாக்டர்."

"ஒரு நாளும் விடாமல்?"

"தண்ணீர் வெட்டு வந்த நான்கு நாள் தவிர."

அவர் கணினியைத் திருப்பி, கட்டுரையில் ஒரு பத்தியைக் காட்டினார். "இதைப் படி" என்றார். படித்தேன். ஆரம்ப அதிர்ச்சிக்குப் பிறகு செடி தன்னைத் தகவமைத்துக்கொள்வதையே இந்தத் தற்காலிக வாட்டம் காட்டுகிறது.

"நன்றாக எழுதியிருக்கிறாய்" என்றார். சிறிது நேரம் கழித்து, "இந்த ஆராய்ச்சியில் செய்முறையை ஒழுங்காகப் பின்பற்றியது உன் அம்மா ஒருவர்தான்" என்றார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "பரீட்சை நாளில் என் அம்மாவும் குர்ஆன் ஓதிய தண்ணீர் கொடுப்பார். நான் அதைக் குடித்துவிட்டுப் போவேன். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை."

எனக்குச் சிரிப்பு வந்தது. அது முடிவதற்குள் அழுகை வந்துவிட்டது.

"இது உனக்கு எப்போது தெரியும்?" என்று கேட்டார்.

"ஒன்பது நாளாக."

அவர் இலையை உறைக்குள் போட்டார். "ஒன்பது நாள்" என்றார். உறையை மூடிவிட்டு மறுபடியும் "ஒன்பது நாள்" என்றார். அவர் இரண்டாம் முறை சொன்ன ஒரே விஷயம் அதுதான். கட்டுரையை என் கண்ணெதிரே அழித்தார். கண்ணாடிக்கூடத்தின் கூரை போன வாரம் சரியாகிவிட்டது என்றும், ஆய்வேடு கொடுக்கப் பதினாறு வாரம் இருக்கிறது என்றும், மிச்ச நாற்றுகள் அங்கேயே இருக்கின்றன என்றும் சொன்னார். அடுத்த திட்டத்தில் வேலை என்ற பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

திரும்பவும் முப்பத்தாறு தொட்டிகள். இம்முறை சீட்டுக் குலுக்கினேன். தினமும் காலையில் ஒவ்வொரு தொட்டியையும் தராசில் வைத்தேன். கண்ணாடிக்கூடத்துச் சாவியை என் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். கிள்ளானில் அப்பா கறிவேப்பிலையைக் கேட் ஓரத்துக்கே கொண்டுவந்து வைத்துவிட்டார். அம்மா தொலைபேசியில் சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசினார். செடி என்ற வார்த்தையை அவர் எடுக்கவே இல்லை. நானும் எடுக்கவில்லை. மூன்று மாதம் நாங்கள் இருவரும் இட்லி, மழை, அப்பாவின் முழங்கால் ஆகியவற்றைப் பற்றியே பேசினோம்.

முடிவு வந்தது. நான்காவது வகையின் மரபணு சொன்னபடி சீக்கிரம் விழித்தது, வேரும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் ஆழம் போனது. ஆனால் வாடுவதில் இரண்டு நாள் பிந்தியதோடு சரி. அந்த இரண்டு நாளும் தற்செயலாக இருக்கலாம் என்று கணக்கு சொன்னது. இருபத்தோராம் நாள் முப்பத்தாறும் செத்துப் போயின. அப்படியே எழுதினேன். முதல் சோதனை ஏன் செல்லாது என்றும் ஒரு பக்கம் எழுதினேன். அதில் அம்மாவைப் பற்றிச் சொல்லவில்லை. ஆய்வாளரின் கவனக்குறைவால் ஒரு வரிசைக்குத் தினமும் நீர் சென்றது என்று எழுதினேன். கடைசி நாளுக்கு முந்தின நாள் ஆய்வேட்டைக் கொடுத்தேன். வாய்மொழித் தேர்வில் தேர்வாளர்கள் இரண்டு மணி நேரம் குடைந்தார்கள். நிறையத் திருத்தம் சொல்லித் தேர்ச்சி என்றார்கள்.

அன்று மாலை கிள்ளானுக்குப் போனேன். அப்பா கைகொடுத்தார். தொலைபேசியோடு போர்ச்சுக்குப் போய் யார் யாரையோ அழைக்கத் தொடங்கினார். அம்மா சாமி அறையிலிருந்து வந்து என் நெற்றியில் விபூதி வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்தார். மாதக்கணக்கில் கேட்காததை அப்போதுதான் கேட்டார்.

"இந்தத் தடவ செடியெல்லாம் பொழைச்சுதா?"

"இல்லம்மா. செத்துப் போச்சு."

"எத்தன?"

"முப்பத்தாறும்."

"அப்புறம் எப்படிலா பாஸ் போட்டாங்க?"

"செத்ததச் செத்துச்சுன்னு எழுதினேன்ம்மா. அதுக்குத்தான்."

அவர் அதை யோசித்துப் பார்த்தார். கையில் ஒட்டியிருந்த விபூதியைச் சேலையில் துடைத்தார்.

"நான் இருந்திருந்தா ஒரு ஒன்பது செடியாவது பொழைச்சிருக்கும்" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்து, பயந்துபோய் என்னைப் பார்த்தார்.

அன்றைக்குப் பார்க்காத முகத்தை இப்போது பார்த்தேன். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பொழைச்சிருக்கும்மா" என்றேன். ஐந்து வருட ஆராய்ச்சியில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.